பேரேடு எழுதிய ஜானகி அம்மாள்



மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வேண்டும் என்று கேட்டபோது ராமானுஜம், சி.வி.ராமன், கலாம் மூன்று பேரையும் மற்றவர்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டார்கள். நல்லதாப் போச்சு. நான் இ.கே.ஜானகி அம்மாள் என்று சொன்னதும் பாதிப் பேர் முழித்தார்கள். தாவரவியல் படித்தவர்களிடம் கேட்டால் உடனே தெரியும் என்பார்கள். நமக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. நமக்கும் உயிரியலுக்கும் உள்ள உறவு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் இந்த அம்மாள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, கூர்ந்து பார்த்தால், நம்ம வேலை மாதிரியேதான் இருக்கிறது.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஒரு சீட்டில் எம்12 போல்ட் என்று எழுதிக் கொடுத்தால் தென்காசி இரும்புக் கடையிலும் அதுதான் வரும், ஜெர்மனியிலும் அதுதான் வரும். விட்டம் 12 மில்லிமீட்டர், சாதாரணப் புரியிடை 1.75 மில்லிமீட்டர். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு மஞ்சள், ஊதா, சிவப்பு என்று மூன்று கோடு போதும், 4700 ஓம் என்று சொல்லிவிடுவார்கள். இதெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ கூடி உட்கார்ந்து, வாக்குவாதம் செய்து, கடைசியில் ஒத்துக்கொண்டு எழுதி வைத்தது. உயிர்களின் மரபில் திடீரென்று வரும் மாற்றம், அதாவது பத்தாம் வகுப்பில் நாம் படித்த சடுதிமாற்றம், அதையும் இப்படி எல்லோருக்கும் ஒரே மாதிரி புரியும்படி எழுதி வைக்க வேண்டும் அல்லவா? அந்தப் பேரேட்டின் ஆரம்பப் பக்கங்களை எழுதியவர்களில் ஒருவர்தான் ஜானகி அம்மாள்.

பெயர்க் குழப்பம் என்றால் என்ன என்று தெரிய வெளிநாடு போக வேண்டாம். நம்ம ஐந்தருவி ரோடு போதும். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் சாதிக்காயும் கிராம்பும் வைத்துப் பார்த்தார்கள். ஐந்தருவிக்கு மேலே அரசுப் பழத்தோட்டத்தில் இருக்கும் அருவிக்குப் பழத்தோட்ட அருவி என்றே பெயர். சீசனில் ரோட்டோரக் கடையில் மங்குஸ்தான், ரம்புட்டான் பக்கத்தில் சாதிக்காயும் சாதிபத்திரியும் இருக்கும். இரண்டும் வேறு வேறு மரம் என்று நினைத்து வாங்கிப் போகிறவர்கள் உண்டு. ஒரே பழத்தின் கொட்டை ஒன்று, அந்தக் கொட்டையைச் சுற்றிய சிவப்பு வலை மற்றொன்று, அவ்வளவுதான். கீழே சிற்றாற்றங்கரைக்கு வந்தால் நேர் எதிர். கரையோரம் ஆளுயரம் நிற்கிற புல் எதுவானாலும் நமக்கு நாணல். ஒன்றுக்கு இரண்டு பெயர், பலதுக்கு ஒரு பெயர். கடையில் இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆராய்ச்சியில் இப்படி நடந்தால் ஒருவர் பத்து வருஷம் உழைத்துக் கண்டதை அடுத்தவர் தேடிப் பிடிக்கவே முடியாது. நாணல் என்று சொன்னேன் பாருங்கள், அந்தப் புல் இவர் கதையில் முக்கியமான பாத்திரம்.

1897 நவம்பர் 4-ஆம் தேதி தலச்சேரியில் பிறந்தார். அன்றைக்கு மலபார் முழுவதும் சென்னை மாகாணத்தில் சேர்ந்தது. அப்பா இடவலத்து கக்கட் கிருஷ்ணன், சப்-ஜட்ஜ், திவான் பகதூர் பட்டம் பெற்றவர். தோட்டமும் பறவைகளும் என்றால் அவருக்கு உயிர். வீடு நிறையப் பிள்ளைகள். அக்கா தங்கைகள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போக, ஜானகி படிப்பு என்று சென்னைக்குக் கிளம்பினார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம். அதன்பின் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை.

அங்கேயே இருந்திருந்தால் நல்ல டீச்சர் என்று பெயர் எடுத்து ஓய்வு பெற்றிருப்பார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசிய நாட்டுப் பெண்களுக்காக வைத்திருந்த பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. கப்பலில் போய் முதுகலை முடித்து, ஊருக்கு வந்து, மறுபடியும் போய், 1931-ல் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். தாவரவியலில் அமெரிக்க டாக்டர் பட்டம் பெற்ற இந்தியப் பெண்களில் முன்வரிசையில் நிற்பவர். நம் பாட்டிமார் காலத்துப் பெண்களில் எத்தனை பேர் பள்ளிக்கூட வாசல் மிதித்தார்கள் என்று அவரவர் வீட்டில் விசாரித்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியர். அப்போது நம்ம செங்கோட்டையும் திருவாங்கூர் ராஜ்யத்தில்தான் இருந்தது. 1956-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆக மலைக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நம்ம ஊர்க்காரர்கள், ராஜா ஒருத்தர்.

இனிமேல்தான் விஷயமே. 1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார்.

அந்த நிலையம் 1912-ல் தொடங்கியது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் அங்கே ஒரு துணிச்சலான காரியம் செய்திருந்தார்கள். தோட்டத்தில் வளரும் பருத்த இனிப்புக் கரும்பையும், ஆற்றங்கரையில் தன்பாட்டுக்கு நிற்கும் நாணலையும் ஒட்டுச் சேர்த்தார்கள். இனிப்பு அதிடம் இருந்து, நோயையும் வறட்சியையும் தாங்கும் முரட்டுத்தனம் இதிடம் இருந்து. அதில் பிறந்ததுதான் கோ 205 என்ற ரகம். 1918-ல் விவசாயிகள் கைக்குப் போய், வடஇந்தியாவின் மெலிந்த நாட்டுக் கரும்பையெல்லாம் ஓரங்கட்டியது.

பெயரைக் கவனியுங்கள். கோ என்றால் கோயம்புத்தூர். 205 என்பது வரிசை எண். அவ்வளவுதான். கரும்புக்கு ராஜா பெயரோ சாமி பெயரோ வைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒட்டுச் சேர்த்து வேறு ஊர் நிலையத்தில் தேர்ந்தெடுத்த ரகமானால், கோவுக்குப் பின்னால் அந்த ஊரைக் குறிக்க இன்னொரு எழுத்து சேரும். பெயரைப் பார்த்தாலே பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும் தெரிந்துவிடும். வாசுதேவநல்லூர் பக்கம் கரும்பு போடுகிறவர்கள் இன்றைக்கும் எண்ணைச் சொல்லித்தான் ரகத்தைப் பேசுகிறார்கள். நம்ம டிராயிங் ஷீட்டின் கீழ்மூலையில் டிராயிங் நம்பர் எழுதுகிறோமே, அதே ஏற்பாடு.

ஆனால் இந்த எண் செடிக்கு வெளியே ஒட்டிய சீட்டு. செடிக்கு உள்ளே என்ன நடந்தது? அதைப் பார்க்கத்தான் ஜானகி அம்மாள் வந்தார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் இருக்கின்றன. இனிப்புக் கரும்பில் 80. கோயம்புத்தூர் நாணலில் 64. சாதாரணமாக அப்பா பாதி, அம்மா பாதி கொடுக்கும். அப்படியானால் 40-ம் 32-ம் சேர்ந்து பிள்ளைக்கு 72 வரவேண்டும். கோ 205-ல் எண்ணினால் 112! கணக்கில் புலிகள் யாராவது இருந்தால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். இனிப்புக் கரும்பு பாதியைக் கொடுக்காமல் 80-ஐயும் அப்படியே தந்துவிடுகிறது. நாணல் மட்டும் ஒழுங்காக 32. இந்த விசித்திரம் எண்ணினால்தான் தெரியும், கண்ணால் கரும்பைப் பார்த்துத் தெரியாது.

எண்ணுவது லேசில்லை. வேர்நுனியில் செல்கள் பிரியும் நேரம் பார்த்து அதை வெட்ட வேண்டும். ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்ததில் போட்டு அப்படியே நிறுத்த வேண்டும். சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சின்னச் சின்னக் குச்சிகளாக நூற்றுக்கு மேல் கிடக்கும். ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும். இரண்டை ஒன்றாக எண்ணலாம், ஒன்றை இரண்டாக எண்ணலாம். ஒரு செல் போதாது, பல செல் எண்ண வேண்டும். மைக்ரோமீட்டரில் ரீடிங் எடுத்து மூன்று தடவையும் மூன்று மாதிரி வந்த அனுபவம் நமக்கு உண்டு. அதைவிடப் பல மடங்கு பொறுமை வேண்டும்.

நாணலில் இன்னொரு வேடிக்கை. இந்தியாவின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கொண்டுவந்த நாணலில் எண்ணிக்கை வேறு வேறு. 40-லிருந்து 128 வரை போகிறது. புல் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். ஆகவே வெறும் நாணல் என்று எழுதினால் பிரயோஜனமில்லை. எந்த ஊர்ச் செடி, எத்தனை, எண்ணியவர் யார், மூன்றும் சேர்த்து எழுதினால்தான் அது தகவல். கரும்பைச் சோளத்தோடும், மக்காச்சோளத்தோடும், மூங்கிலோடும்கூட ஒட்டுச் சேர்த்துப் பார்த்த காலம் அது. கரும்பு, மக்காச்சோளக் கலப்பைப் பற்றி அம்மாள் எழுதிய குறிப்பு 1938-ல் நேச்சர் இதழிலேயே வந்தது.

அலுவலகத்தில் நிலைமை அவ்வளவு இனிப்பாக இல்லை. ஆண்கள் நடுவே ஒற்றைப் பெண், அதுவும் தனியாக வாழும் பெண். மேல்சாதி என்று அன்றைக்குச் சொல்லப்பட்ட சாதியுமில்லை. இந்த மூன்றும் அவருக்கு எதிராக வேலை செய்தன என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் ஏழாவது சர்வதேச மரபியல் மாநாட்டுக்குப் போனார். மாநாடு முடியவும் உலகப் போர் தொடங்கவும் சரியாக இருந்தது. அவர் திரும்பவில்லை. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தக் காலத்து மரபியல் ஆட்களுக்கு இருந்த தலைவலியைச் சொல்ல வேண்டும். சடுதிமாற்றம் என்ற சொல்லைப் பரப்பியவர் ஹாலந்து நாட்டு டி விரீஸ், 1901-ல். தோட்டத்தில் ஒரு பூச்செடி திடீரென்று ராட்சத வடிவில் முளைத்ததைப் பார்த்து அதற்கு ஒரு பெயர் வைத்தார், இலையும் பூவும் மாறி வந்த இன்னொன்றுக்கு வேறொரு பெயர். இப்படியே பெயர்கள் பெருகின. 1907-ல் ஆன் லட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி உட்கார்ந்து எண்ணினார். சாதாரணச் செடியில் 14 குரோமோசோம், ராட்சதச் செடியில் 28. அந்த இன்னொன்றில் 15. அதாவது ஒன்றில் முழுச் செட்டும் இரட்டித்திருக்கிறது, மற்றொன்றில் ஒரே ஒரு குரோமோசோம் கூடியிருக்கிறது. இரண்டையும் மொத்தமாக மாற்றம் என்று எழுதி வைத்தால் எப்படி? தோற்றத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது வேறு, காரணத்தைப் பார்த்துப் பதிவு செய்வது வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. எலி ஆராய்ச்சியிலும் இதே கூத்து. ஒரே மரபணுவுக்கு ஒவ்வொரு ஆய்வகம் ஒவ்வொரு குறி போட்டது. 1940-ல் டன், குரூனெபெர்க், ஸ்நெல் என்ற மூவர் குழு, எலியின் மரபணுக்களுக்குக் குறி எப்படி எழுதுவது என்று விதி வகுத்து வெளியிட்டது.

செடிகளுக்கு அந்த வேலையில் கைவைத்த இடம் லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனம். அங்கே சி.டி.டார்லிங்டன் பெரிய தலை. ஜானகி அம்மாள் 1940-லிருந்து 1945 வரை அங்கே உதவி செல்லியலாளர். குரோமோசோம்களை எப்படிச் சாயமேற்றி எப்படிப் பார்ப்பது என்று டார்லிங்டனும் லா கூர் என்பவரும் எழுதிய செய்முறைப் புத்தகம் 1942-ல் வந்தது. அளக்கும் முறை ஒன்றானால்தானே அளவுகளை ஒப்பிட முடியும்? பிறகு 1945-ல் வந்தது பெரிய புத்தகம், பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். ஏறத்தாழ 400 பக்கம். அட்டையில் இரண்டே பெயர், டார்லிங்டன், ஜானகி அம்மாள்.

இந்தப் புத்தகம் எழுதப்பட்ட காலத்தில் லண்டன்மேல் குண்டு விழுந்தது. ராத்திரி குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வாராம். அவர் குடும்பத்தார் சொல்லும் சேதி இது.

அட்லஸ் என்றதும் வரைபடம் என்று நினைக்காதீர்கள். அது ஒரு கணக்குப் புத்தகம். குடும்பம் குடும்பமாகச் செடிகள், ஒவ்வொன்றுக்கும் முறையான லத்தீன் பெயர், அதன் நேரே குரோமோசோம் எண், எண்ணிச் சொன்னவர் யார், எந்த ஆண்டு. கூடவே அந்தச் செடி எந்த நாட்டுக்காரச் செடி, எதற்குப் பயன் என்ற விவரம். எண்ணுக்குப் பக்கத்தில் ஆள் பெயரும் ஆண்டும் இருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணியவர் பொறுப்பு ஏற்கிறார். நம்ம லேப் ரெக்கார்டில் தேதி இல்லாமல், பக்கத்து பெஞ்ச்காரன் ரீடிங்கை எழுதி வைத்தால் அது ரெக்கார்டா? பத்து மொழிகளில் சிதறிக் கிடந்த கட்டுரைகளைத் தேடி, ஒரே செடிக்கு இருந்த பல பெயர்களை ஒன்றாக்கி, முரண்பட்ட எண்ணிக்கைகளை எடைபோட்டு ஒரே பத்திக்குள் கொண்டுவருவது, கண்டுபிடிப்பு என்ற பளபளப்பு இல்லாத வேலை. புதிய ரகம் உருவாக்க விரும்புகிறவர், எதையும் எதையும் சேர்த்தால் பலன் கிடைக்கும் என்று ஊகிக்க முதலில் புரட்டும் புத்தகம் அதுவாயிற்று.

பதிவு தவறினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்களுக்கு, மனிதக் கதையில் இரண்டு சொல்கிறேன். மனித செல்லில் 48 குரோமோசோம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் எல்லாப் புத்தகத்திலும் அச்சடித்தார்கள். 1956-ல் ஜியோ, லெவான் இருவரும் ஒழுங்காக எண்ணி 46 என்றார்கள். 1960-ல் டென்வரில் கூடி, பெரியதிலிருந்து சிறியது என்று அளவுவாரியாக 1 முதல் 22 வரை நம்பர் கொடுத்தார்கள். பிற்பாடு பார்த்தால் 22-ஐவிட 21-தான் சிறியது! ஆனால் டவுன் நோய்க்குறியை ஏற்கெனவே 21-ஆம் எண்ணோடு சேர்த்து உலகமே எழுதிவிட்டது. மாற்றினால் குழப்பம் கூடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்டாண்டர்டு என்றால் எல்லாமே சரி என்று அர்த்தமில்லை, எல்லோரும் ஒன்றையே எழுதுகிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது நம் மாநிலத்திலேயே நடந்தது. இரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் நோயை இந்தியாவில் முதன்முதலில் பதிவு செய்தது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். லேமனும் கட்புஷும் கண்டது. அந்தக் காலத்தில் ஹீமோகுளோபின் மாற்றங்களுக்கு ஏ, எஸ், சி, டி என்று எழுத்து வைத்தார்கள். எழுத்து போதாது என்றானதும் ஊர்ப்பெயர் வைத்தார்கள். பஞ்சாப் என்று ஒரு டி, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஒரு டி. உள்ளே பிரித்துப் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றே! அரிவாள் செல் விஷயத்திலும் ஒரு சிக்கல். புரதச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பழைய புத்தகங்கள் சொல்லும். இன்றைய விதிப்படி அது ஏழாவது இடம். மாற்றம் மாறவில்லை. உடம்பு வெட்டி எறிந்துவிடும் முதல் அமினோ அமிலத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று விதி வந்தது, அதனால் ஒன்று கூடிவிட்டது. 1990-களில் தொடங்கி, 2000-ல் டென் டுன்னன், அன்டோனராகிஸ் இருவரும் வெளியிட்ட பரிந்துரைகளுக்குப் பிறகு, எந்த அடிப்படைப் பிரதியில் எங்கிருந்து எண்ணினோம் என்று சொல்லித்தான் மனிதச் சடுதிமாற்றத்தை எழுதுகிறார்கள். நோயாளியின் கையில் இருக்கும் இரண்டு ரிப்போர்ட்டில் ஒன்றில் 6, ஒன்றில் 7 என்று இருந்தால், விதி தெரியாதவர் இரண்டு நோய் என்று நினைக்க மாட்டாரா? புரியிடை தப்பான நட்டை எடுத்தால் போல்ட்தான் கெடும். இங்கே ஆள்.

சரி, அம்மாளிடம் வருவோம். 1946-ல் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் செல்லியலாளர் ஆனார். கண்வலிக் கிழங்கு நமக்குத் தெரியும். மானாவாரிக் காட்டு வேலிகளில் செங்காந்தள் பூவோடு நிற்குமே, அதிலும் இருக்கிற கோல்ச்சிசின் என்ற விஷச்சத்து ஒரு விந்தை செய்யும். செல் பிரியும் நேரத்தில் கொடுத்தால் குரோமோசோம் இரட்டித்துவிடும், ஆனால் செல் இரண்டாகாது. டி விரீஸ் தோட்டத்தில் தானாக நடந்த ராட்சத மாற்றத்தை இதைக்கொண்டு மனிதன் வேண்டும்போது நடத்தலாம். அம்மாள் மக்னோலியா நாற்றுகளில் அதைப் பரிசோதித்தார். அதில் வந்த ஒரு வெள்ளைப்பூ மரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பயிர்ரகப் பெயர்களுக்கென்றே ஒரு சர்வதேச விதிநூல் 1953-ல் வந்தது. அந்த முறைப்படி இனத்தின் லத்தீன் பெயருக்குப் பின்னால், ஒற்றைக் குறிகளுக்குள், ஜானகி அம்மாள் என்று எழுத வேண்டும். மற்றபடி எழுதினால் தவறு.

மரத்தின் பெயரை எழுத விதி இருக்கிறது. மனுஷியின் பெயருக்கு இல்லை. இ.கே. என்பது வீட்டுப்பெயர், ஜானகி என்பது பெயர், அம்மாள் என்பது மரியாதை. இது நமக்குப் புரியும். வெளிநாட்டு நூலகத்துக்குக் கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர். அதனால் ஒரு பட்டியலில் அம்மாள் என்ற வரிசையில் இருப்பார், இன்னொன்றில் ஜானகி என்ற வரிசையில், மூன்றாவதில் நடுவே ஒரு கோடு போட்டு இணைத்திருப்பார்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் விரித்து என்று அலைகிற நமக்கு இது புதுசா என்ன? எத்தனையோ செடிகளின் பல பெயர்களை ஒரு பெயருக்குக் கீழே கொண்டுவந்தவர், தான் மட்டும் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறார். இன்னொன்றும் உண்டு. 1955-ல் அந்த அட்லஸ் எல்லாப் பூக்கும் தாவரங்களுக்குமாக விரிவாகி மறுபடி வந்தது. ஆசிரியர்கள் டார்லிங்டன், வைலி. அட்டையில் ஜானகி அம்மாள் பெயர் இல்லை. எண்ணியவர் பெயரை எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும் என்ற புத்தகம் அது. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அதற்குள் அவர் இந்தியாவுக்கு வந்துவிட்டார். 1951-ல் பிரதமர் நேரு அழைத்தார். இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் தனி அலுவலர் பொறுப்பை 1952-ல் ஏற்றார். அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்தார். 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றிவிட்டான் என்று உலக அறிஞர்கள் கூடிப் பேசிய மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான். பிறகு ஜம்மு, சிறிது காலம் டிராம்பே. இமயமலையில் ஏறி இறங்கி எண்ணியதில், ஈரம் மிகுந்த வடகிழக்குப் பக்கம் செடிகளில் குரோமோசோம் பெருக்கம் அதிகம், காய்ந்து குளிர்ந்த வடமேற்கில் குறைவு என்று கண்டார். 1977-ல் பத்மஸ்ரீ. அப்போது அவருக்கு எண்பதை நெருங்கிய வயது.

1970-ல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் சேர்ந்து, மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வகத்திலேயே குடியிருந்தார். சுற்றிலும் மூலிகைத் தோட்டம், காலைச் சுற்றும் பூனைகள், மஞ்சள் புடவை. அன்றைய மதுரவாயல் இன்றைய மேம்பாலக் காடு இல்லை, கிராமம்.

அங்கே இருந்துகொண்டுதான் அமைதிப் பள்ளத்தாக்குச் சண்டையில் இறங்கினார். பாலக்காட்டுப் பக்கம் குந்திப்புழா ஆற்றில் அணைகட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம். அணை வந்தால் காடு மூழ்கும். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் மின்சாரம் வேண்டாமா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். மூழ்கினால் எது எது போகும் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாதே, அதுதான் அவருக்கு உறுத்தியது. எண்ணாமல் விட்டதை இழந்தால் இழந்தது இன்னதென்றுகூடச் சொல்ல முடியாது. எனவே எதிர்த்துக் குரல் கொடுத்ததோடு நிற்காமல், எண்பது வயதுக்கு மேல், அந்தப் பள்ளத்தாக்கு மரஞ்செடிகளின் குரோமோசோம் கணக்கெடுப்பைக் கையில் எடுத்தார். வேர்நுனி, சாயம், கண்ணாடிச் சில்லு, கோயம்புத்தூரில் செய்த அதே வேலை.

1984 பிப்ரவரி 7-ஆம் தேதி காலமானார். அதே வருஷம் நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானலில் ரோஜா ரகங்களை உருவாக்கும் தம்பதி ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். இந்தத் தடவை இனிஷியலோடு, இ.கே.ஜானகி அம்மாள் என்று முழுசாக.